முதலிடம் யாருக்கு: கூடைப்பந்தின் கணக்கேடும் விடுபட்ட பக்கங்களும்

1949 டிசம்பரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கின் வாசல் பலகை, அன்றிரவு நிக்ஸ் அணியுடன் மோதப்போவது ஜார்ஜ் மைக்கன் என்று அறிவித்தது. மைக்கன் ஆடிய மினியாபொலிஸ் லேக்கர்ஸ் அணியின் பெயர் அதில் இல்லவே இல்லை. டிக்கெட் விற்க அந்த ஒருவர் பெயர் போதும் என்று அரங்கக்காரர்கள் முடிவு செய்திருந்தார்கள். தடித்த கண்ணாடி, ஆறடி பத்தங்குல உயரம், இரு கைகளாலும் கூடைக்கருகில் பந்தைப் போடும் லாவகம். 1950இல் அசோசியேட்டட் பிரஸ் நடத்திய வாக்கெடுப்பு, அரை நூற்றாண்டின் தலைசிறந்த கூடைப்பந்து ஆட்டக்காரர் மைக்கன்தான் என்றது. முப்பது ஆண்டு கழித்து, 1980இல், அமெரிக்கக் கூடைப்பந்து எழுத்தாளர்கள் சங்கம் அதே இடத்தை பில் ரஸ்ஸலுக்குக் கொடுத்தது. 1999இல் ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சி, வட அமெரிக்காவின் நூற்றாண்டு விளையாட்டு வீரர்களை எல்லா விளையாட்டுகளையும் சேர்த்து வரிசைப்படுத்தியபோது, பேப் ரூத்தையும் முகமது அலியையும் தாண்டி மைக்கேல் ஜோர்டான் முதலில் நின்றார்.

இன்று வெளியாகும் பட்டியல்களில் மைக்கன் முதல் இருபதுக்குள் வந்தாலே ஆச்சரியம். ஆறு ஆண்டில் ஐந்து பட்டம் வென்றவர் அவர். ஓய்வுக்குப் பிறகு அந்தப் பட்டங்களை யாரும் பறித்துவிடவில்லை. மாறியது அவரை அளந்த முறை. தலைசிறந்தவர்களின் வரிசை என்று நாம் வாசிப்பதில் பெரும்பங்கு, அந்தந்தக் காலத்தில் எதை எண்ணினார்கள், எது கண்ணில் பட்டது என்பதன் வரிசைதான். அதனால் காலங்களை ஒப்பிடவே முடியாது என்று கைகழுவிவிட நான் வரவில்லை. ஒப்பிடலாம். கணக்கேட்டில் எந்தப் பக்கங்கள் காலி என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கிரிக்கெட்டில் இந்தத் தலைவலி கொஞ்சம் குறைவு. டான் பிராட்மனின் 99.94 என்ற ஒரே எண் மட்டையாளர்களின் விவாதத்தைப் பாதியில் முடித்துவிடுகிறது. ஒரு பந்து, ஒரு மட்டையாளர், ஒரு விளைவு. தனித்தனியாகப் பிரித்து எழுதலாம். கூடைப்பந்தில் ஐவர் சேர்ந்து தாக்குகிறார்கள், அதே ஐவர் அடுத்த நொடி திரும்பி ஓடித் தடுக்கிறார்கள். ஒருவர் பந்தைத் தொடாமலே இரண்டு எதிராளிகளைத் தன் பக்கம் இழுத்து, மூன்றாமவருக்கு வழி திறந்துவிடுகிறார். அந்தத் திறப்பை எழுத ஏட்டில் நெடுங்காலம் பத்தியே இருந்ததில்லை.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான என்பிஏ 1946இல் வேறு பெயரில் தொடங்கி, 1949இல் போட்டிச் சங்கமொன்றுடன் இணைந்து இன்றைய பெயரைப் பெற்றது. கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டு 1950-51இலிருந்துதான் எழுதப்பட்டது. எதிராளி எறியும் பந்தைத் தடுக்கும் பிளாக்கும், கையிலிருந்து பறிக்கும் ஸ்டீலும் 1973-74இல் ஏடேறின. பந்தை வீணாக இழப்பது 1977-78இல். மூன்று புள்ளிக் கோடு 1979-80இல். நொடிக்கு நொடி ஆட்டப் பதிவு, அதாவது ஒருவர் களத்தில் நின்றபோது அணி எத்தனை புள்ளி கூடியது, எத்தனை இழந்தது என்று கணக்கிட உதவும் பதிவு, 1990களின் பிற்பகுதியிலிருந்துதான் ஒழுங்காகக் கிடைக்கிறது. கூரையில் பொருத்திய கேமராக்கள் எல்லா அரங்குகளிலும் ஒவ்வொருவரின் நகர்வையும் தொடரத் தொடங்கியது 2013-14இல்.

இந்த ஆண்டுகளை ஆட்டக்காரர்களின் ஆண்டுகளோடு பொருத்திப் பாருங்கள். ரஸ்ஸல் 1969இல் ஓய்வு பெற்றார். வில்ட் சேம்பர்லின் ஆடிய கடைசிப் பருவம் 1972-73. பந்தைத் தடுப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை என்று அவர்களோடு ஆடியவர்கள் சொல்லும் அந்த இருவர் பெயரிலும் அதிகாரப்பூர்வ ஏட்டில் ஒரு பிளாக்கூட இல்லை.

மைக்கனுக்கு நேர்ந்தது வேறு வகை. 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸ் அணி, மைக்கனைச் சமாளிக்கத் தெரியாமல், பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நேரத்தைக் கடத்தியது. முடிவு 19-18. லேக்கர்ஸ் எடுத்த 18இல் 15 மைக்கனுடையவை. பார்க்க வந்தவர்கள் நொந்துபோனார்கள். சிரக்கியூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயாசோன் ஒரு கூட்டல் வகுத்தல் போட்டார்: நல்ல ஆட்டமொன்றில் இரு அணிகளும் சேர்ந்து ஏறக்குறைய 120 முறை எறிகின்றன, 48 நிமிடத்துக்கு 2,880 நொடி, வகுத்தால் 24. அந்த 24 நொடிக் கடிகாரம் 1954இல் நடைமுறைக்கு வந்தது. ஓர் அணியின் சராசரி ஒரே ஆண்டில் 79லிருந்து 93 புள்ளிக்குத் தாவியது. அதற்கு முன்பே, 1951இல், மைக்கன் கூடையடியில் நங்கூரமிட்டு நிற்பதைக் கெடுக்கத்தான் அந்தப் பகுதியின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கினார்கள். சேம்பர்லின் வந்த பிறகு 1964இல் அது 16 அடியானது. ஒருவரைத் தடுக்க ஆடுகளத்தின் கோட்டையே மாற்ற நேர்ந்தது எந்தப் புள்ளிவிவரத்திலும் சேராது. என்னைக் கேட்டால் மைக்கனின் ஆகப்பெரிய சான்றிதழ் அதுதான்.

இப்போது 1961-62 பருவத்துக்கு வருவோம். தரவரிசைக்காரர்கள் எல்லாரும் ஒருமுறையாவது தடுக்கி விழும் பருவம் அது. பிலடெல்பியா வாரியர்ஸ் அணிக்காக சேம்பர்லின் அந்த ஆண்டு ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளி எடுத்தார். 25.7 ரீபவுண்டு. ஆட்டம் 48 நிமிடம்தான். அவர் களத்தில் நின்ற சராசரி 48.5 நிமிடம். கூடுதல் நேர ஆட்டங்களும் சேர்ந்ததால் வந்த விந்தை அது. 1962 மார்ச் 2 அன்று பென்சில்வேனியாவின் ஹெர்ஷி என்ற சிற்றூரில் நிக்ஸுக்கு எதிராக 100 புள்ளி. 63 எறிதலில் 36 விழுந்தன. எதிராளி தடுக்காமல் எறியும் ஃப்ரீ த்ரோவில் எப்போதும் தடுமாறுபவர், அன்று 32இல் 28ஐப் போட்டார். அரங்கில் இருந்தவர்கள் 4,124 பேர். தொலைக்காட்சி ஒளிபரப்பு கிடையாது. நமக்கு எஞ்சியிருப்பவை கடைசிக் கால்பகுதியின் வானொலி வர்ணனையும், காகிதத்தில் 100 என்று எழுதிப் பிடித்திருக்கும் ஒரு புகைப்படமும்.

அதே பருவத்தில் சின்சினாட்டியின் ஆஸ்கர் ராபர்ட்சன் சராசரியாக 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்டு, 11.4 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்க வழிசெய்யும் பந்துக் கைமாற்றம்) எடுத்தார். மூன்றிலும் இரட்டை இலக்கச் சராசரி. அதை மறுபடி ஒருவர் தொட ஐம்பத்தைந்து ஆண்டு ஆனது. 2016-17இல் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் 31.6, 10.7, 10.4 எடுத்து எம்விபி எனப்படும் ஆண்டின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதும் பெற்றார்.

இரண்டும் ஒன்றா? 1961-62இல் ஓர் அணி ஆட்டத்துக்கு ஏறக்குறைய 108 முறை எறிந்தது. 2016-17இல் 85 முறை. அன்று பந்து கூடையில் விழும் விகிதமும் குறைவு, ஆகவே திரும்பி வரும் பந்துகள் மலிவு: ஓர் அணிக்கு 71 ரீபவுண்டு. 2016-17இல் 43 அல்லது 44. இந்த விகிதத்தில் சுருக்கினால் சேம்பர்லினின் 25.7 ரீபவுண்டு 16க்கு அருகே இறங்குகிறது. ராபர்ட்சனின் 12.5, எட்டுக்கும் கீழே போகிறது. போதாததற்கு ராபர்ட்சன் 44 நிமிடம் ஆடினார், வெஸ்ட்புரூக் 35 நிமிடத்துக்கும் குறைவு. சேம்பர்லினின் 50.4 புள்ளியைச் சுருக்கினாலும் 40க்கும் 45க்கும் இடையில்தான் நிற்கிறது. யாரும் எட்டாத உயரம்தான், ஆனால் 50 என்ற எண் ஏற்படுத்தும் மலைப்பு குறைந்துவிடுகிறது. ராபர்ட்சனைத் தாழ்த்த இதைச் சொல்லவில்லை. அசிஸ்ட் எழுதும் விஷயத்தில் அன்றைய ஏட்டாளர்கள் இன்றையவர்களைவிடக் கஞ்சர்கள். அந்தப் பத்தியில் அவருடைய எண் ஏறவும் கூடும்.

அந்தப் பருவத்தில் என்னை மிகவும் யோசிக்கவைப்பது இன்னொன்று. 50.4 எடுத்த சேம்பர்லினுக்கு எம்விபி கிடைக்கவில்லை. ரஸ்ஸலுக்குக் கிடைத்தது. ஆனால் ஆண்டின் சிறந்த ஐவர் அணியில் நடு ஆட்டக்காரர் இடத்தில் சேம்பர்லின் முதல் அணியிலும், ரஸ்ஸல் இரண்டாம் அணியிலும் இருந்தார்கள். நாட்டிலேயே மிகச் சிறந்த ஆட்டக்காரர், தன் இடத்துக்கு இரண்டாமவர்! முரண்பாட்டுக்குக் காரணம் எளிது. எம்விபிக்கு 1979-80 வரை வாக்களித்தவர்கள் ஆட்டக்காரர்கள். சிறந்த ஐவரைத் தேர்ந்தவர்கள் பத்திரிகையாளர்கள். 1958இலும் 1961இலும் இதே கதைதான். எழுதுகிறவர்கள் ஏட்டைப் பார்த்தார்கள். எதிரில் நின்று அடி வாங்கியவர்கள், எறிவதற்கு முன்பே கையைத் தயங்கவைக்கும் ஒருவரைப் பார்த்தார்கள். ஐந்து முறை ரஸ்ஸலுக்கு அந்த விருதைக் கொடுத்தவர்கள் அவர் எதிரணியினர். ஏட்டில் காலியாக இருக்கும் பிளாக் பத்தியை நிரப்ப இதைவிட நல்ல சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

ரஸ்ஸல் என்றதும் எல்லாரும் பட்டங்களுக்குத் தாவுவார்கள்: 13 பருவத்தில் 11. பட்டம்தான் அளவுகோல் என்றால் விவாதம் அங்கேயே முடிந்தது. ஆனால் அப்படி யாரும் உண்மையில் நடந்துகொள்வதில்லை. ரஸ்ஸலோடு ஆடிய சாம் ஜோன்ஸிடம் 10 பட்டம் உண்டு. பின்னாளில் மூன்று அணிகளோடு பட்டம் வென்ற ராபர்ட் ஹோரியிடம் ஏழு, ஜோர்டானைவிட ஒன்று அதிகம். அவர்களை யாரும் முதல் பத்தில் வைப்பதில்லை. ஏற்கெனவே மனத்தில் முடிவுசெய்த ஒருவரை உயர்த்தத்தான் பட்டக் கணக்கு வெளியே வருகிறது. ரஸ்ஸல் வந்தபோது இருந்தவை எட்டே அணிகள். பிரிவில் முதலாக வந்துவிட்டால் பெரும்பாலும் இரண்டு தொடர், எட்டு வெற்றி, பட்டம். இன்று முப்பது அணிகள், நான்கு தொடர், பதினாறு வெற்றி. மறுபக்கமும் உண்டு: எட்டு அணிகள் என்றால் மந்தமான எதிராளி என்று ஒருவரும் கிடையாது. ரஸ்ஸலும் சேம்பர்லினும் மட்டும் 140 முறைக்கு மேல் நேருக்கு நேர் மோதியிருக்கிறார்கள்.

1969 மே 5 ஆட்டத்தை இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ரஸ்ஸல் அப்போது பாஸ்டன் செல்டிக்ஸின் ஆட்டக்காரரும் பயிற்சியாளரும். 1966இல் அந்தப் பொறுப்பை ஏற்றபோது என்பிஏவின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் அவர்தான். அணிக்கு வயதாகிவிட்டது. அந்தப் பருவத்தில் தன் பிரிவில் நான்காவதாகத்தான் வந்தது. இறுதித் தொடரின் ஏழாம் ஆட்டம் லாஸ் ஏஞ்சலிஸில். அதற்குள் அந்த ஊருக்குக் குடிபெயர்ந்திருந்த லேக்கர்ஸின் உரிமையாளர் ஜாக் கென்ட் குக், வெற்றி நிச்சயம் என்று அரங்கக் கூரையில் பலூன்களை வலைகட்டி வைத்திருந்தார். சேம்பர்லின் இப்போது லேக்கர்ஸில். கடைசிக் கட்டத்தில் முழங்கால் அடிபட்டு வெளியே போனார். திரும்ப இறங்குகிறேன் என்றபோது பயிற்சியாளர் வான் பிரெடா கோல்ஃப் வேண்டாம் என்றுவிட்டார். பாஸ்டன் 108-106. பலூன்கள் கூரையிலேயே தங்கின. அந்த ஆண்டுதான் இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது முதன்முதலாக வழங்கப்பட்டது. அது போனது தோற்ற அணியின் ஜெர்ரி வெஸ்டுக்கு. அன்று மட்டும் 42 புள்ளி, 13 ரீபவுண்டு, 12 அசிஸ்ட். இன்றுவரை தோற்ற அணியிலிருந்து அதைப் பெற்றவர் வெஸ்ட் ஒருவரே. அந்த விருதுக்கு 2009இல் பெயர் மாற்றினார்கள். யார் பெயர் வைத்தார்கள் தெரியுமா? அதை ஒருமுறைகூட வாங்கியிராத பில் ரஸ்ஸலின் பெயர்.

ஒருவரின் பாரத்தை அளக்க எனக்குப் பிடித்த வழி, அவர் வந்ததும் போனதும் அணிக்கு என்ன ஆனது என்று பார்ப்பது. துல்லியமான வழி என்று சொல்லமாட்டேன். ரஸ்ஸல் போன மறு பருவம் செல்டிக்ஸ் 34 வெற்றி, 48 தோல்வி. 1968-69இல் 27 ஆட்டம் மட்டும் வென்ற மில்வாக்கி பக்ஸ், கரீம் அப்துல் ஜபார் வந்த மறு பருவத்தில் 56 வென்றது. லாரி பேர்ட் வந்ததும் பாஸ்டன் 29லிருந்து 61க்கு ஏறியது. லெப்ரான் ஜேம்ஸ் 2010இல் கிளீவ்லாந்தைவிட்டுப் போனபோது அந்த அணி 61 வெற்றியிலிருந்து 19க்கு விழுந்தது. திரும்பி வந்து, 2018இல் மறுபடி போனார். 50 வெற்றி மீண்டும் அதே 19 ஆனது. ஜோர்டான் 1993இல் முதல்முறை ஓய்வு பெற்றபோது சிகாகோ 57லிருந்து 55க்கு இறங்கியது, இரண்டே ஆட்டம்.

ஜோர்டான் எதிர்ப்பாளர்கள் இந்தக் கடைசி எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஓடக்கூடாது. அந்த ஆண்டு சிகாகோவுக்கு டோனி கூகோச்சும் ஸ்டீவ் கெரும் வந்து சேர்ந்தார்கள். ஸ்காட்டி பிப்பன் தன் உச்சத்தில் இருந்தார். கிளீவ்லாந்திலோ லெப்ரானோடு பயிற்சியாளரும் போய், அணியே புதிதாகக் கட்டப்பட்டது. ஆனாலும் ஒரே ஊரில் இரண்டு முறை அதே பள்ளம் விழுந்ததைத் தற்செயல் என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை.

பட்டியல்களில் அநியாயமாகச் சுருக்கப்பட்டவர் யார் என்று கேட்டால் கரீமைச் சொல்வேன். ஆறு எம்விபி: 1971, 1972, 1974, 1976, 1977, 1980. வேறு எவருக்கும் அத்தனை இல்லை. ஆண்டுகளை மறுபடி பாருங்கள். ஆறும் ஆட்டக்காரர்கள் வாக்களித்த காலத்தவை. 1975-76இல், அப்போது அவர் மாறிவந்திருந்த லேக்கர்ஸ் 40 வெற்றி, 42 தோல்வியோடு அடுத்த சுற்றுக்கே போகவில்லை, அப்படியும் எதிரணிக்காரர்கள் அவர் பெயரைத்தான் எழுதினார்கள். ஆறு பட்டம். 38,387 புள்ளி என்ற அவர் சாதனை 2023 பிப்ரவரி 7 வரை நின்றது. கையை உயர்த்தி, தலைக்கு மேலிருந்து பந்தை வளைத்துவிடும் அவருடைய ஸ்கைஹூக்கை இருபது ஆண்டுகளில் யாராலும் முறையாகத் தடுக்க முடியவில்லை.

1985 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் பாஸ்டன் 148-114 என்று லேக்கர்ஸைத் துவைத்தது. கரீமுக்கு 38 வயது. 12 புள்ளி, 3 ரீபவுண்டு. கிழவர் முடிந்தார் என்று எழுதினார்கள். அடுத்த ஆட்டத்தில் 30 புள்ளி, 17 ரீபவுண்டு, 8 அசிஸ்ட். தொடரை லேக்கர்ஸ் வென்றது, சிறந்த ஆட்டக்காரர் கரீம். 1971இல் அதே விருதை வாங்கியவர், பதினான்கு ஆண்டு கழித்து மறுபடி வாங்குகிறார்.

பிறகு ஏன் அவர் பெயர் முதலிடப் பேச்சில் வருவதில்லை? பத்திரிகையாளர்களிடம் அவர் சிரித்துப் பேசியதில்லை. 1968 ஒலிம்பிக்குக்கு வர மறுத்தார். முதல் பட்டம் வென்ற கையோடு, 1971இல், லூ அல்சிண்டர் என்ற பெயரைத் துறந்தார். அமெரிக்க வெகுமக்கள் ஊடகம் இதையெல்லாம் எளிதில் மறக்கவில்லை. 1980 இறுதித் தொடரில் ஐந்து ஆட்டங்களில் சராசரி 33 புள்ளி எடுத்துக் கணுக்கால் சுளுக்கி வீட்டில் கிடந்தார். ஆறாம் ஆட்டத்தில் அவர் இடத்தில் இறங்கிய இருபது வயது மேஜிக் ஜான்சன் 42 புள்ளி எடுத்து, பட்டத்தையும் விருதையும் வாங்கினார். மேஜிக்கின் அந்த இரவு ஒரு புராணமாகிவிட்டது, நியாயம்தான். அதில் ஒரு வேடிக்கை: அந்த ஆட்டத்தை சிபிஎஸ் பெரும்பாலான ஊர்களில் நேரடியாகக்கூடக் காட்டவில்லை, பதிவு செய்து நள்ளிரவை ஒட்டி ஒளிபரப்பியது. கரீமின் நல்ல ஆண்டுகள் அப்படித்தான், பார்வையாளர் இல்லாத நேரத்தில் கடந்துபோயின.

அவருக்கு எதிரான நேர்மையான வாதம் ஒன்று உண்டு. 1967 முதல் 1976 வரை ஏபிஏ என்ற போட்டிச் சங்கம் நல்ல ஆட்டக்காரர்களில் ஒரு பகுதியை வைத்திருந்தது. ஆகவே எழுபதுகளின் என்பிஏ சற்று நீர்த்தது. ஒப்புக்கொள்கிறேன். ஜூலியஸ் எர்விங் ஏபிஏவில் எடுத்த புள்ளிகளும் இரண்டு பட்டங்களும் என்பிஏவின் ஏட்டில் இன்றும் சேர்க்கப்படவில்லை. சேர்த்தால் 30,000ஐத் தாண்டுவார். பட்டியல் போடுகிறவர்கள் ஏபிஏவின் பலத்தைச் சொல்லி கரீமைக் குறைப்பார்கள், பிறகு அதே ஏபிஏவின் பலவீனத்தைச் சொல்லி எர்விங்கைக் குறைப்பார்கள். ஏதாவது ஒன்றில் நில்லுங்கள் ஐயா என்று சொல்லத் தோன்றும்.

ஜோர்டானின் உச்சத்தைப் பற்றி எனக்கு ஐயமே இல்லை. சிகாகோவில் அவர் முழுமையாக ஆடிய பருவங்கள் 11. அவற்றில் பத்தில் நாட்டிலேயே அதிகச் சராசரி, ஆறில் பட்டம், ஐந்தில் எம்விபி. வாழ்நாள் சராசரி 30.1, சேம்பர்லினைவிட மயிரிழை மேல். 1988இல் எம்விபியோடு சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் சேர்ந்து வந்தது. அந்தத் தடுப்பு விருதைப் பற்றி 2024இல் வெளியான ஒரு பத்திரிகை ஆய்வு ஒரு குட்டைக் கிளறியது: அந்தப் பருவத்தில் சிகாகோவில் அவர் பெயரில் எழுதப்பட்ட ஸ்டீல்களும் பிளாக்குகளும் வெளியூர்களில் எழுதப்பட்டதைவிட மிக அதிகம். ஏட்டை எழுதுகிறவர் உள்ளூர்க்காரர். இது ஜோர்டானுக்கு மட்டும் உரிய சலுகையும் இல்லை. அந்தக் காலத்தில் பல அரங்குகளின் பேனாக்கள் தாராளமாகத்தான் ஓடின. ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர் தடுப்பைச் சந்தேகிக்க மாட்டார்கள். ஆனால் எண் என்பது யாரோ ஒருவர் பேனாவால் எழுதியது என்ற நினைப்பு நல்லது.

ஜோர்டான் ரசிகர்களின் பிரம்மாஸ்திரம் ஆறுக்கு ஆறு. இறுதித் தொடரில் அவர் தோற்றதே இல்லை; லெப்ரானோ பத்து முறை போய் ஆறு முறை தோற்றார். எனக்கு இந்த வாதம் எப்போதும் விளங்கியதில்லை. 1985, 1986, 1987 மூன்று ஆண்டும் ஜோர்டானின் அணி முதல் சுற்றிலேயே வெளியேறியது. முதல் சுற்றில் தோற்றால் கணக்கில் வராது, கடைசிச் சுற்றில் தோற்றால் களங்கம் என்றால், ஏப்ரலிலேயே வீட்டுக்குப் போவது புத்திசாலித்தனம் ஆகிவிடும். 2007இல் லெப்ரான் இறுதிக்கு இழுத்துவந்த கிளீவ்லாந்து அணி அங்கே வந்ததே அதிசயம். டல்லாஸிடம் தோற்ற 2011 இறுதித் தொடர் அப்படியல்ல. சராசரி 17.8, ஓர் ஆட்டத்தில் எட்டே புள்ளி. அது உண்மையான கறை, அதைத் துடைக்க முயல்வதில் பயனில்லை. அதற்கு எதிர்ப்பக்கத்தில் 2016 நிற்கிறது. 73 ஆட்டம் வென்ற கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக 3-1 என்று பின்தங்கிய கிளீவ்லாந்து, மீதி மூன்றையும் வென்றது. அந்தத் தொடரில் இரு அணிகளிலும் சேர்த்து புள்ளி, ரீபவுண்டு, அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் ஐந்திலும் முதல் ஆள் லெப்ரான். எந்தத் தொடரிலும் அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை.

லெப்ரானின் நீண்ட ஆயுளுக்கு மருத்துவமும் தனி விமானமும் உதவியது உண்மை. எண்பதுகளின் பிற்பகுதி வரை பெரும்பாலான அணிகள் பொதுப் பயணிகளோடு விடியற்கால விமானத்தில் முட்டியை மடக்கிக்கொண்டு போனவைதான். ஆனால் அதே வசதிகள் அவர் தலைமுறை முழுவதற்கும் இருந்தன. 2005 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் நாட்டின் சிறந்த ஐவர் அணிகளில் ஏதாவதொன்றில் இடம்பிடித்தவர் அவர் ஒருவர்தான். 2024 மார்ச்சில் 40,000 புள்ளியையும் தாண்டினார்.

இதற்கிடையே ஆட்டமே வேறாகிவிட்டது. மூன்று புள்ளிக் கோடு வந்த ஆண்டில் ஓர் அணி ஆட்டத்துக்கு மூன்று முறைகூட அங்கிருந்து எறியவில்லை. 2023-24இல் 35 முறை. நடுவில் நிற்பவர் ஸ்டீஃபன் கரி. 2015-16இல் அவர் போட்ட மூன்று புள்ளிகள் 402. முந்தைய சாதனை 286, அதுவும் அவருடையதே. எம்விபி வாக்குகள் அத்தனையும் ஒருவருக்கே விழுந்தது அந்த ஆண்டுதான் முதல்முறை. கோட்டை மாற்றவைத்தார் மைக்கன் என்றால், இருக்கும் கோட்டுக்கு வெளியே எல்லாரையும் இழுத்துப் போனார் கரி. ஆட்டக்காரர்கள் வரும் திசையும் மாறியது: 2019 முதல் 2025 வரை எம்விபி பெற்ற எவரும் அமெரிக்காவில் பிறந்தவரல்ல. செர்பியாவின் நிக்கோலா யோக்கிச், அணிகள் புதியவர்களை எடுக்கும் 2014 தேர்வில் 41ஆவது பெயர். அதற்குள் மூன்று எம்விபி. கறுப்பின ஆட்டக்காரர்கள் முதன்முதலாக 1950இல்தான் என்பிஏவுக்குள் வந்தார்கள் என்பதையும் இங்கேயே சேர்த்துப் பார்க்க வேண்டும். மைக்கன் முதலிடம் பெற்ற வாக்கெடுப்பின்போது போட்டியிட அனுமதிக்கப்பட்டவர்கள் நாட்டின் ஒரு பகுதியினர் மட்டுமே.

என் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பருவத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடு என்றால் 1990-91 ஜோர்டான், யோசிக்கவே மாட்டேன். ஆனால் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற கேள்வியை முழு வாழ்நாளின் கேள்வியாகவே நான் எடுத்துக்கொள்கிறேன். அதனால் லெப்ரான் முதல், கரீம் இரண்டு, ஜோர்டான் மூன்று, ரஸ்ஸல் நான்கு. ரஸ்ஸலை நான்கில் வைத்ததற்கு எட்டு அணிக் காலம் பாதிக் காரணம். மீதி, தாக்குதலில் அவர் சராசரிக்கு மேல் போகாதது. அறுபதுகளின் செல்டிக்ஸ் புள்ளி எடுப்பதில் கெட்டிக்கார அணியாக இருந்ததில்லை, தடுப்பில்தான் வென்றது என்றே பின்னாளைய மதிப்பீடுகள் காட்டுகின்றன. அது அவருக்குப் புகழ்தான், ஆனால் மற்ற மூவரும் களத்தின் இரு முனைகளிலும் அணியைச் சுமந்தவர்கள்.

ஐந்தாம் இடம் மேஜிக் ஜான்சனுக்கு. அடுத்து டிம் டங்கன், சேம்பர்லின், பேர்ட் என்று போகும்; அவர்களுக்குள் யார் முன், யார் பின் என்பதில் எனக்குப் பிடிவாதம் கிடையாது. பிடிவாதம் இருப்பது ஹக்கீம் ஒலாஜுவானுக்காக மட்டும். 1994இல் எம்விபி, சிறந்த தடுப்பாட்டக்காரர், இறுதித் தொடரின் சிறந்தவர் என்று மூன்றையும் ஒரே பருவத்தில் வாங்கினார். அந்த மூன்றும் ஒரு சேர அதுவரை யாருக்கும் வாய்த்ததில்லை, ஜோர்டானுக்கும்தான். ஜோர்டான் பேஸ்பால் ஆடப்போன ஆண்டு அது என்பதற்காக அந்தப் பட்டத்தின் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடுவது வழக்கமாகிவிட்டது. மறு ஆண்டு மார்ச்சில் ஜோர்டான் திரும்பி வந்தார், ஆர்லாண்டோவிடம் தோற்றார். அந்த ஆர்லாண்டோவை இறுதித் தொடரில் நான்குக்கு நான்கு வென்று ஹக்கீம் இரண்டாம் பட்டமும் எடுத்தார். அவரை முதல் பத்துக்கு வெளியே தள்ளும் எந்தப் பட்டியலையும் நான் இரண்டாம் முறை படிப்பதில்லை.